பிராகோ பார்க்கும் வேலையும் நான் எழுதிய பலகையும்

குமாசி,
திங்கட்கிழமை தொடங்கியது.

என் தாய் வயிற்றில் எனக்குப் பின்னால் பிறந்து, எழுத்தில் மட்டும் எனக்கு அறுபது வருடம் முன்னால் போய்விட்ட தம்பி யாவ் பெப்ராவுக்கு, அண்ணன் க்வாக்கு பெப்ரா தன் சொந்தக் கையால் எழுதிக்கொள்வது. என் இடது முழங்கால் நீங்கலாக இங்கே அனைவரும் சுகம். உன் முந்திரித் தோப்பும் உன் மனைவியும் உன் ஆடுகளும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். எழுத்து எங்காவது கோணலாக இருந்தால் அது மேசையின் குற்றம், என்னுடையது அல்ல.

உன் கடிதம் வந்தது. இதுவரை உன் கடிதங்களை உன் மகள் பிராகோதான் எனக்குப் படித்துச் சொல்வாள். இந்தத் தடவை, தேவாலயத்து மாலை வகுப்பில் எட்டு மாதம் உட்கார்ந்து எழுந்த நான், எழுபத்தோரு வயதில், கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஆபீஸ் கேட் பக்கத்துக் காவல் கூண்டில் இருந்தபடி நானே படித்தேன். முக்கால் நாள் ஆயிற்று. நல்லவேளை நானே படித்தேன். "ஆபீஸ் மேனேஜர் என்கிறாளே, அது என்ன வேலை? டிரைவர் வண்டி ஓட்டுகிறான், வாத்தியார் பாடம் சொல்கிறார், இவள் என்ன செய்கிறாள்? நாற்காலியில் உட்கார்வது ஒரு வேலையா? நீ அங்கேதானே வாட்ச்மேன், உண்மையை எழுது. பதில் சரியாக இல்லாவிட்டால் மாதக் கடைசி சனிக்கிழமை பஸ் ஏறி வந்து அவளை வென்சிக்கே அழைத்து வந்துவிடுவேன், இங்கே பள்ளிக்கூடத்தில் வாத்தியார் இடம் காலியாக இருக்கிறது" என்று எழுதியிருக்கிறாய். இதை அவள் வாயாலேயே அவள் எனக்குப் படித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கடிதத்தை என் தொப்பிக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன்.

உண்மையைக் கேட்டாய், எழுதுகிறேன். இது ஆழ்துளைக் கிணறு போடும் கம்பெனி. முதலாளி அம்போஃபோ, அறுபத்தெட்டு வயது. துளை போடுகிறவன் துளை போடுகிறான், லாரிக்காரன் லாரி ஓட்டுகிறான், இவர்கள் யாரும் செய்யாத மிச்சம் எல்லாம் பிராகோவின் வேலை. காலையில் கரண்ட் போனால் ஜெனரேட்டருக்கு டீசல் எங்கே என்று பார்ப்பது அவள். ஏசி போட்டால் குளிர்கிறது என்று கணக்குப் பிரிவு அம்மாவும், போடாவிட்டால் வேகிறது என்று படம் வரைகிற இன்ஜினியரும் சண்டை போட, அந்த அம்மாவுக்கு ஒரு சால்வையும் இவருக்கு ஒரு விசிறியும் வாங்கிக் கொடுத்து, ரிமோட்டைத் தன் கைப்பைக்குள் போட்டுப் பூட்டியது அவள். கழிப்பறைச் சாவி காணாமல் போனாலும் அவள்தான், கிடைத்தாலும் அவள்தான், ஏனென்றால் தொலைந்தது ஒன்று, கிடைப்பது இரண்டு. பிரிண்டர் பேப்பரைத் தின்றுவிட்டால் அதன் வாய்க்குள் கைவிட்டு இழுப்பாள், மாட்டுக்குப் பிரசவம் பார்க்கிற மாதிரி. ஆறு மாதத்தில் மூன்று தடவை மாமியார் செத்துப்போனதாக ஒரு டிரைவர் லீவு கேட்டான். பிராகோ கோபிக்கவில்லையே! "அண்ணே, உங்களுக்கு மொத்தம் எத்தனை மாமியார்னு ஒரு தாள்ல எழுதிக் குடுங்க, வரிசையா லீவு போட்டு வெச்சிர்றேன்" என்றாள். அதோடு மாமியார்கள் எல்லாரும் பிழைத்துக்கொண்டார்கள்.

கை வலிக்கிறது. நிறுத்துகிறேன்.

இது செவ்வாய். போன வாரம் பெரிய ஊர்த் தலைவர் ஒருவர் தன் அரண்மனையில் போட்ட கிணற்றில் தண்ணீர் கலங்கி வருகிறது என்று போன் செய்தார். தலைவர் நேராக யாரிடமும் பேசமாட்டார், அவருக்காகப் பேசுகிறவர்தான் பேசுவார் என்பது உனக்குத் தெரியாததா! போனிலும் அப்படித்தான். தலைவர் முணுமுணுப்பது கேட்கிறது, அதையே பேசுகிறவர் அழகாகச் சொல்கிறார். இவள் நேராகப் பதில் சொன்னால் மரியாதைக் குறைவு. என்ன செய்தாள் தெரியுமா, கேட்டிலிருந்து என்னைக் கூப்பிட்டு, "பெரியப்பா, இன்னைக்கு நீங்கதான் என் வாய்" என்று போனை என் கையில் கொடுத்துவிட்டாள். அவள் என் காதில் "வியாழக்கிழமை ஆள் வரும்" என்று சொல்ல, நான் அதை, "எங்கள் மேனேஜர் அம்மா, தலைவரின் கிணறு தலைவரின் மனதைப் போலத் தெளியும் வரை உறங்கமாட்டார், வியாழன் விடியும்போது ஆட்கள் உங்கள் வாசலில் நிற்பார்கள்" என்று சொன்னேன். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. தலைவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. இதெல்லாம் நாற்காலியில் உட்காரும் வேலையா, நீயே சொல்.

இன்று புதன்கிழமை. போன சனிக்கிழமை நடந்த விபரீதத்துக்கு வருகிறேன். மறைத்தால் உனக்கு வேறு யாராவது எழுதிவிடுவார்கள். கம்பெனிக்கு இருபத்தைந்து வருடம் முடிந்தது. முதலாளி கண் ஆபரேஷனுக்கு அக்ராவுக்குப் போகும்போது பிராகோவிடம், "சனிக்கிழமை விழா. நான் வர்றதுக்குள்ள எல்லாம் தயாரா இருக்கணும். உன்னை மேனேஜராவே வெச்சுக்கிறதா வேண்டாமான்னு விழா முடிஞ்சு சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவளுக்கு அதோடு தூக்கம் போயிற்று. சனிக்கிழமை என்றால் ஊர் முழுக்கத் துக்க வீடுதானே, வாடகைக்காரர்கள் வெள்ளைச் சாமியானா வைத்துக்கொள்வதே இல்லை. கிடைத்தது துக்கத்துக்குக் கட்டும் சிவப்பும் கறுப்பும். "மேலே பூ கட்டி மறைச்சிடலாம்" என்று சொல்லி அதையே எடுத்தாள். வாசலில் முதலாளியின் பெரிய போட்டோவை வைத்து ஒரு பலகை எழுத வேண்டும். வெளியே எழுதக் கொடுக்காமல் என்னிடம் வந்தாள். "பெரியப்பா, உங்க கையெழுத்துலதான் இருக்கணும். ரெண்டே வரி. இருபத்தைந்து வருஷம் ஆச்சு, எல்லாரும் வாங்க. போதும்."

தம்பி, என் வாழ்நாளில் என்னிடம் யாரும் எதையும் எழுதச் சொன்னதில்லை. இரண்டு வரியோடு நிற்க மனம் வருமா? நான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றது எங்கே? பாதி வகுப்பில், மீதி தெருச் சுவரில். வீட்டிலிருந்து ஆபீஸ் வரும் வழியில் இருக்கும் சுவரொட்டி ஒன்றையும் விட்டதில்லை. ஒரு பெரிய மனிதரை எழுத்தில் எப்படிக் கௌரவிப்பது என்று அதையெல்லாம் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். நடுவில் போட்டோ. மேலே பெயர். கீழே வயது, 68. அதற்குக் கீழே பிள்ளைகள் ஏழு பேரின் பெயர், லண்டனில் இருப்பவர் பெயருக்குப் பக்கத்தில் லண்டன். பிறகு பேரப்பிள்ளைகள், மருமக்கள், உடன்பிறந்தார். சனிக்கிழமை, இந்த வாசலில், அனைவரும் வருக. சுற்றிலும் கறுப்பில் ஒரு கோடு, அழகுக்காக. இருபத்தைந்து வருடம் என்பதற்குத்தான் இடம் இல்லாமல் போய்விட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிராகோ சாமியானாக்காரனைத் தேடிப் போயிருந்த நேரத்தில் மாட்டிவிட்டு, தூரத்தில் நின்று பார்த்தேன். என் கண்ணில் தண்ணீர் வந்தது. பார்த்துக்கொண்டு போன ஒரு பெண்ணும் அழுதாள். என் எழுத்து அவ்வளவு நன்றாக இருக்கிறது போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை ஆறரைக்கே ஜனம் வந்துவிட்டது, எல்லாரும் கறுப்பும் சிவப்புமாக. செத்தவருக்கு ஊற்றும் ஜின் பாட்டில்களோடு. பிராகோ வந்து பலகையைப் பார்த்தாள், சாமியானாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் பார்த்துப் படித்த சுவரொட்டி எல்லாம் செத்தவர்களுக்கு ஒட்டியவை. "பெரியப்பா, உக்காருங்க, மொதல்ல தண்ணி குடிங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். முதலாளிக்குப் போன் போட்டாள், அவர் பயணத்தில், போன் செத்துக் கிடந்தது. உடனே மைக்கைப் பிடித்து, "எல்லாரும் கேளுங்க, முதலாளி உயிரோடதான் இருக்காங்க!" என்றாள். கூட்டம் இன்னும் சத்தமாக அழுதது. "பாவம், பொண்ணு தாங்க முடியாம பேசுது. யாராவது அதைப் புடிச்சு உக்கார வைங்க" என்று ஒரு கிழவி கத்தினாள். பேண்டு வாத்தியக்காரன் வந்து, "மேடம், சோகமா வாசிக்கணுமா, சந்தோஷமா வாசிக்கணுமா?" என்றான். "ரெண்டுக்கும் நடுவுல வாசிங்க" என்றாள்.

கிணறு கலங்கிய அந்தத் தலைவரும் குடையும் ஆட்களுமாக வந்து இறங்கினார். பிராகோ முழங்கால் மடித்து, பேசுகிறவரிடம் நடந்ததை முழுக்கச் சொன்னாள். தலைவர் யோசித்து முணுமுணுத்தார். "செத்தவர் வந்ததும் தலைவருக்குச் சொல்லுங்கள். அதுவரை சோறு வரட்டும்" என்று பேசுகிறவர் சொன்னார். விழாவுக்குச் சொல்லி வைத்த ஜோலோஃப் சோறும் கோழியும் நானூறு பேருக்கு அவள் பங்கு போட்ட விதத்தை நீ பார்த்திருக்க வேண்டும். ஒரு ஆள் நிற்கவில்லை, ஒரு ஆள் பசியோடு இருக்கவில்லை, அழுகிறவர்களுக்குக்கூட அழுவதற்கு முறை வைத்தாள்.

பதினோரு மணிக்கு ஒரு டாக்சி வந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒருவர் இறங்கிக் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். கேட்டில் நிற்கும் நானே கவனிக்கவில்லை. மைக்கில் ஒவ்வொருவராகப் பேசிக்கொண்டிருந்தார்கள். எதிர்க் கம்பெனிக்காரர், "கிணத்துல தண்ணி வராட்டி கூலி வாங்க மாட்டார்யா அந்த மனுஷன், அவர் மாதிரி நான் இருந்ததில்லை" என்று மூக்கைச் சிந்தினார். அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல். "இதை உயிரோட இருக்கும்போது சொல்லித் தொலைச்சிருக்கலாமேய்யா!"

முதலாளி! நாற்காலிகள் விழுந்தன. பேண்டுக்காரன் டிரம்மை விட்டுவிட்டு ஓடினான். அந்தக் கிழவி ஆவி என்று நினைத்து அவர் மேலேயே ஜின்னை ஊற்றினாள். எல்லாம் அடங்கியதும் அவர் பலகை முன்னால் போய் நின்று, "யாரு எழுதினது இதை?" என்றார். "என் பொறுப்புதான் ஐயா, நான் சரிபார்க்கலை" என்று பிராகோ முன்னால் போய் நின்றாள். ஆறு மாத உழைப்பு, அத்தனையையும் எனக்காக அந்த வாசலில் வைத்துவிட்டாள் தம்பி. என்னால் தாங்க முடியவில்லை. "எழுதினது நான் ஐயா. அது ரெண்டு வரிதான் சொல்லுச்சு" என்றேன். ஆபரேஷன் ஆகாத ஒற்றைக் கண்ணால் அவர் மெதுவாகப் படித்தார், என்னைவிட மெதுவாக. எனக்கு ஒரு வருடம் போல இருந்தது. பிறகு திரும்பி, "என் கடைசிப் பேத்தி பேரை விட்டுட்டியே கிழவா" என்றார். பிராகோவைப் பார்த்து, "என் சாவை இவ்வளவு ஒழுங்கா நடத்தின பொண்ணு, என் கம்பெனியை நடத்த மாட்டாளா?" என்றார். பேண்டு திரும்பி வந்து சந்தோஷமாக வாசித்தது.

ஆகவே தம்பி, அவள் என்ன வேலை செய்கிறாள் என்று கேட்டாயே, இதுதான். மற்றவர்கள் விழுந்த இடத்தில் எல்லாம் பாய் விரித்து வைப்பது. அவளை அழைத்துப் போக வராதே. அவள் இல்லாவிட்டால் இந்த ஆபீஸ் ஒரு நாள் நிற்காது, நான் அரை நாள் நிற்கமாட்டேன். உன் தோப்பில் காய் நிறையட்டும், உன் கூரை ஒழுகாமல் இருக்கட்டும், உன் கோபம் இந்தக் கடிதம் வந்து சேரும் முன் தணியட்டும்.

அன்புள்ள அண்ணன்,
க்வாக்கு பெப்ரா
(இந்தக் கையெழுத்தும் நானே போட்டது.)

பின்குறிப்பு: இது ஞாயிறு. மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிடு. முதலாளி இரண்டாவது ஆபீஸ் திறக்கிறார், அதற்கும் பிராகோதான் மேனேஜர், அது வென்சியில். வியாழக்கிழமை பஸ்ஸில் வருகிறாள், நீ பஸ் ஏற வேண்டாம். கட்டடம் தயாராக மூன்று மாதம் ஆகுமாம், அதுவரை உன் முன்னறைதான் ஆபீஸ். பிரிண்டர், ஜெனரேட்டர், மாமியார் செத்த அந்த டிரைவர், எல்லாம் வரும். அவள் என்ன வேலை செய்கிறாள் என்று பக்கத்திலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். இங்கே கேட்டில் தனியாக எப்படி இருப்பேன் என்று நான் முகத்தைத் தொங்கப்போட்டேன். "அங்கேயும் ஒரு கேட் இருக்கே பெரியப்பா, அப்பா வீட்டு வாசல்ல. மொதல்ல தொப்பிக்குள்ள இருக்கிற கடிதத்துக்குப் பதிலை அனுப்பிட்டு பெட்டியைக் கட்டுங்க" என்றாள். திறப்பு விழாவுக்குப் பலகை எழுதுவது நான்தான். வீடு கொடுத்தவனைக் கௌரவிக்க வேண்டாமா? உன் பெரிய போட்டோ ஒன்றைத் தேடி வை. உன் பேரப்பிள்ளைகளின் பெயரை வரிசையாக எழுதி அனுப்பு, இந்தத் தடவை ஒன்றும் விட்டுப்போகாது.