மலைக்கு ஏகமனதாகத் தூக்கிய கைகள்

பெருமதிப்பிற்குரிய அக்கா கனானாவுக்கு,

மலையடிவாரச் சோகோரியாவிலிருந்து தம்பி கோபியா பணிவன்புடன் எழுதிக்கொள்வது. இங்கே என் இடது முழங்காலைத் தவிர அனைவரும் நலம். மொம்பாசாவில் நீயும் அத்தானும் உன் துணிக்கடையும் நலமாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். உருளைக்கிழங்கு மூட்டையோடு இந்தக் கடிதத்தையும் பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். போனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் நீ பாதியிலேயே சிரிக்க ஆரம்பித்துவிடுவாய். இது சிரிக்கிற விஷயம் இல்லை.

என் வீட்டில் தங்கிப் படிக்கிற உன் அருமை மகள் கவிரா என்னைக் கவிழ்த்துவிட்டாள் அக்கா! உனக்கே தெரியும், இந்த ஊர்ச் சாரணர் குழுவுக்கு நான்தான் தலைவர். வருடா வருடம் முகாமை எங்கே போடுவது, யாரைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிடுவது, எந்த ஆட்டை வெட்டுவது என்று நாங்கள் பெரியவர்கள் கூடி முடிவெடுப்போம். எப்போதும் பள்ளி மைதானம்தான், ஏனென்றால் விருந்தினரின் கார் அங்கேதான் வரும். கடைசி நாள் நெருப்பு மூட்டி எல்லாப் பிள்ளைகளையும் சுற்றி உட்காரவைத்து நான் பேசுவேன். அந்தப் பேச்சுக்காகவே நான் உயிர் வாழ்கிறேன் என்று என் மனைவி சொல்கிறாள், அதில் தப்பொன்றும் இல்லை. இப்படி ஒழுங்காக நடந்துகொண்டிருந்த ஊரில், இனி பெரியவர்களின் திட்டக் கூட்டத்தில் பிள்ளைகளின் தலைவர் ஒருவரும் உட்கார வேண்டும் என்று தலைமையகத்திலிருந்து உத்தரவு வந்தது. உட்காரத்தானே, உட்காரட்டும் என்று நினைத்தேன். பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து கவிராவை அனுப்பினார்கள். நானும் ஆசையாக, தேநீர்க் குடுவைக்குப் பக்கத்திலேயே அவளுக்கு ஒரு நாற்காலி போட்டேன். ஊற்றிக் கொடுக்க வசதியாக இருக்குமே!

ஜெபம் முடிந்தது, எண்ணெயில் பொரித்த மண்டாசித் தட்டு சுற்றி வந்தது. செயலாளர் முத்விரி வாத்தியார், "வழக்கம்போல மைதானம், வழக்கம்போல ஆடு, அடுத்த விஷயத்துக்குப் போகலாமா?" என்றார். இவள் எழுந்து நின்றாள்.

"தலைவரே, ஒரு சந்தேகம்."

வீட்டில் மாமா மாமா என்று சுற்றி வருகிற பெண், தலைவரே என்றதும் எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. சொல்லும்மா என்றேன். அங்கேதான் தப்புப் பண்ணினேன்.

"அந்த மைதானத்துலதான் நாங்க தினமும் பந்து விளையாடறோம். அங்கேயே கூடாரம் போட்டுப் படுத்தா அது முகாமா? ஆடு உங்களுக்கு, வேகவைச்ச சோளமும் பீன்ஸும் எங்களுக்கு, பேச்சு மட்டும் எல்லாருக்கும். நாங்க மலைக்குப் போகணும். மேல இருக்கற ஏரிக்கரையில ராத்திரி தங்கணும்."

"மலையா? யானை இருக்குடி!" என்றார் பொருளாளர் முகிரி அம்மா.

"இருக்கட்டும் அம்மா, அதுக்குத்தான் வனக்காவலர் கூட வர்றாரு. போன வாரமே பேசிட்டோம். ஆமா, இங்க இருக்கறவங்கள்ல மலை ஏறினவங்க யாரு?"

அக்கா, எங்களில் ஒருவர்கூட ஏறியதில்லை. தினமும் காலையில் பல் விளக்கும்போது மேகம் மூடுவதற்குள் அந்த மலையைப் பார்க்கிறவன் நான். இந்த வயது வரைக்கும் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். அந்த நேரம் எனக்குச் சுருக்கென்று குத்தியது, அதை உன்னிடம் மறைக்க மாட்டேன்.

ஆனாலும் தலைவன் இல்லையா நான்! முறைப்படி வாக்கெடுப்பு நடத்தி இந்தப் பேச்சை முடித்துவிடலாம் என்று, "மலைக்குப் போகச் சம்மதிப்பவர்கள் கை தூக்கலாம்" என்று கம்பீரமாக அறிவித்தேன். அவள் ஒருத்தியின் கைதானே எழும் என்ற தைரியம். அதற்குள் முத்விரி வாத்தியார், "மலைக்கு ஆட்டை யார் தூக்கிட்டுப் போறது?" என்று கேட்க, முகிரி அம்மா, "திங்கறவங்கதான் தூக்கணும், போன வருஷம் ஒரு தொடை முழுசா எங்க போச்சு?" என்று திருப்பிக் கேட்க, அவர் எழுந்து நிற்க, இவர் கைப்பையை மேசையில் அடிக்க, ஒரே கூச்சல். அப்போது உன் மகள் வாயே திறக்காமல் வலது கையை உயர்த்தி மூன்று விரலைக் காட்டினாள். சாரணர் அமைதிச் சைகை! அதைப் பார்த்தால் வாயை மூடிக்கொண்டு நாமும் கையை உயர்த்த வேண்டும், அரை டிராயர் போட்ட வயதிலிருந்து எங்கள் எலும்பில் ஊறின பழக்கம். முகிரி அம்மாவின் கை எழுந்தது. வாத்தியாரின் கை எழுந்தது. தலைவராகிய என் கையும், யாரைக் கேட்டதோ தெரியவில்லை, எழுந்துவிட்டது!

"நன்றி. ஏகமனதா நிறைவேறிடுச்சு," என்றாள்.

வாத்தியார் வலது கையைத் தூக்கியபடியே இடது கையால் எழுதிக்கொண்டுவிட்டார். நான் குதித்தேன். "இது செல்லாது, நாங்க அமைதிக்குத்தான் கை தூக்கினோம்!" என்றேன்.

"மாமா, போன வருஷம் நெருப்புப் பக்கத்துல நீங்க என்ன சொன்னீங்க? சாரணன் தூக்கின கை அவன் குடுத்த வாக்கு, எறக்கினதுக்கப்புறமும் வாக்கு வாக்குதான்னு சொன்னீங்கல்ல?"

இத்தனை வருடத்தில் என் பேச்சை ஒரு பிள்ளை முழுதாகக் கேட்டிருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. சந்தோஷப்படுவதா தலையில் அடித்துக்கொள்வதா, சொல்லு!

ஆகையால் அக்கா, கடைசி நம்பிக்கை நீதான். பெற்றவர் சம்மதம் இல்லாமல் எந்தப் பிள்ளையும் மலை ஏற முடியாது. கவிராதான் எல்லோருக்கும் முன்னால் போகிறவள். அவள் போகாவிட்டால் மற்றவர்களும் போக மாட்டார்கள். நீ மட்டும் கண்டிப்பாக முடியாது என்று சொல்லிவிடு. குளிர், மூடுபனி, காட்டெருமை, எதை வேண்டுமானாலும் காரணம் சொல். நான் சொல்லிக் கொடுத்தேன் என்று மட்டும் சொல்லாதே.

உன் கடையில் கூட்டம் குறையாமல் இருக்கட்டும், அத்தானின் இருமல் குறையட்டும், உங்கள் வீட்டில் ஆண்டவர் தங்கட்டும்.

இப்படிக்கு,
இன்னும் தலைவராக இருக்கும் உன் தம்பி,
கோபியா

பின்குறிப்பு: மேலே உள்ளதை நேற்று எழுதினேன். இன்று மறுபடி கூட்டம். பிள்ளைகளோடு குழுவிலிருந்து பெரியவர் ஒருவராவது ஏறியே ஆக வேண்டுமாம், இல்லையென்றால் பயணம் ரத்து. "யார் வர்றீங்க?" என்று கவிரா கேட்டாள். முத்விரி வாத்தியார் கூரையைப் பார்த்தார். முகிரி அம்மா கைப்பைக்குள் எதையோ தேடினார். நான் பேசாமல் இருந்திருந்தால் போதும், எல்லாம் முடிந்திருக்கும். கவிராவின் முகம் வாடிக்கொண்டே வந்தது, அதை என்னால் பார்க்க முடியவில்லை. கூச்சலே இல்லை அக்கா, யாரும் அமைதி கேட்கவில்லை. என் கை எழுந்தது. மூன்று விரல் இல்லை, ஐந்தும். மேலே போனால் மூச்சு வாங்குமாம், என் பேச்சை நாலே வரியாகக் குறைக்கச் சொல்லியிருக்கிறாள், குறைத்துவிட்டேன். அத்தானின் பழைய கம்பளிக் கோட்டையும் என் முழங்காலுக்கு ஒரு நல்ல பட்டையையும் அடுத்த பஸ்ஸிலேயே அனுப்பு. அப்புறம், தயவுசெய்து கவிராவுக்குச் சம்மதம் கொடுத்துவிடு. அவள் வராவிட்டால் என்னை யார் கூட்டிக்கொண்டு போவார்கள்?