ஒரு வீடு, இரண்டு ரவுட்டர், ஏழு வெளிநடப்பு

உலகத்தில் இதுவரை தீர்ந்த பிணக்குகள் யாவும் கூட்டம் கூட்டி, குறிப்பெழுதி, முன்மொழிந்து, வழிமொழிந்தே தீர்ந்திருக்கின்றன. இதில் ஐயமுள்ளவர்கள் ஒரு சனிக்கிழமை பின்நேரம் மூன்று மணிக்குக் கொக்குவிலில், ரயில் பாதையோரத்து ஒழுங்கையில், பொன்னம்பலத்தாரின் விறாந்தையில் இருந்திருக்க வேண்டும்.

அந்த வீட்டில் இணையத் தொடர்புக்கு இரண்டு ரவுட்டர்கள். ஒன்று, காணிப் பதிவகத்தில் முப்பத்திரண்டு வருடம் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்ற பொன்னம்பலத்தார் எடுத்தது. மற்றது, மகன் சுதாகரன் கனடாவிலிருந்து ஆள் விட்டுப் பூட்டுவித்தது. அதற்குக் கொம்புபோல ஆறு அன்ரெனா. வாசல் படலையில் கொழுவிய கமெராவை அவன் ரொறன்ரோவில் இருந்தபடி பார்ப்பான். படலையால் ஒருவரும் வரவில்லை என்பதை உடனுக்குடன் அறிந்துகொள்வான். விஞ்ஞானத்தின் பயன் வேறென்ன?

இரண்டும் தரமான பெட்டிகள்தான். ஆனால் இரண்டுமே இந்த வீட்டின் முதலாம் இலக்கம், 192.168.1.1, தன்னுடையதே என்று நம்பின. போனுக்கும் கமெராவுக்கும் மடிகணினிக்கும் முகவரி வழங்கும் அதிகாரமும் தனக்கே என்று இரண்டும் நம்பின. வழங்கவும் செய்தன. ஆகவே மகள் வினோஜாவின் மடிகணினிக்கும் தந்தையாரின் போனுக்கும் படலைக் கமெராவுக்கும் ஒரே முகவரி. கமெரா விழித்தால் மற்ற இரண்டும் மயங்கும்.

வினோஜா கணினி வலையமைப்பு மாலை வகுப்பு மாணவி. எதையும் படிப்படியாகக் கொப்பியில் எழுதி, ஒவ்வொரு படிக்கும் கீழே ‘பிழையாகவும் இருக்கலாம்’ என்று சேர்ப்பது அவளுடைய வழக்கம். அன்று நாலு மணிக்கு அவளுக்கு மடிகணினியில் இறுதி வாய்மொழித் தேர்வு. தொடர்பு இரண்டு தரம் அறுந்தால் தேர்வு ரத்து. மறுபடி தோற்ற ஒரு வருடம் பொறுக்க வேண்டும். சித்தியடைந்தால் திங்கட்கிழமை ரவுனில் வேலை. இடம் ஒன்று, காத்திருப்பவர்கள் ஒன்பது பேர்.

புதன்கிழமையே அவள் தீர்வை வாசித்துக் காட்டினாள். “அண்ணையின்ரை பெட்டிக்கு இலக்கத்தை இரண்டு எண்டு மாத்தோணும். அது முகவரி குடுக்கிறதை நிப்பாட்டோணும். இரண்டு நிமிச வேலை, அப்பா. கடவுச்சொல்லை மட்டும் அண்ணையிட்டைக் கேட்டுத் தாங்கோ.”

“இரண்டு நிமிசமோ?” பொன்னம்பலத்தார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “ஒரு காணிக்கு இரண்டு உறுதிப்பத்திரம் மாதிரி, பிள்ளை. உதுக்கு நாங்கள் பதினாலு வருசம் எடுத்திருக்கிறம்.”

சுதாகரனோ தன் பெட்டியின் கடவுச்சொல்லைத் தலைக்குள் வைத்திருந்தான். தந்தையார் தன்னுடையதை இரும்பு அலுமாரியில், உறுதிக் கட்டுக்குள் வைத்திருந்தார். அதே கட்டில்தான் வீடும் வளவும் கிணற்றில் அரைப்பங்கும் வழிவாய்க்காலும் மகள் வினோஜாவுக்குச் சீதனம் என்று எழுதிய உறுதியும் இருந்தது. சொத்தைப் பெண்பிள்ளைக்கே எழுதிவைக்கும் பெருந்தன்மை யாழ்ப்பாணத்துக்கு வெளியே அரிது. ஆனால் பூட்டின் திறப்பையும் கொடுக்க வேண்டும் என்று எந்த உறுதியிலும் எழுதுவதில்லை.

சனிக்கிழமை எமகண்டம் முடியும்வரை காத்திருந்து, சரியாக மூன்று மணிக்குக் கூட்டம் தொடங்கியது. பொன்னம்பலத்தார் புதிய கொப்பியைத் திறந்து எழுதினார்:

‘சமூகமளித்தோர்: திரு. பொன்னம்பலம் (தலைவர், செயலாளர்). திரு. சுதாகரன் (கனடாவிலிருந்து). தேநீர் உபயம்: வினோஜா.’

செம்பில் சாய்த்து வைத்த போனில் சுதாகரன் போர்வையோடு தெரிந்தான். அங்கே விடியப்புறம் ஐந்தரை.

“அப்பா, என்ரை ரவுட்டருக்கு ஆறு கொம்பு. உங்கடைக்கு இரண்டு. எது பெரிசு எண்டு...”

“தம்பி, கொம்பு எண்ணித் தலைமை குடுக்கிறதெண்டால் ஆட்டுக் கடாயைத்தான் மணியகாரன் ஆக்கோணும். என்ரை பெட்டி உன்ரையைவிட நாலு வருசம் மூப்பு.”

“மூப்பு எண்டால் பழசு எண்டுதானே...”

படம் உறைந்தது. கமெரா விழித்துவிட்டது போலும். ‘திரு. சுதாகரன் வெளிநடப்புச் செய்தார்’ என்று பொன்னம்பலத்தார் பதிந்தார்.

மூன்று நிமிடத்தில் அவன் திரும்பி வந்தான். ‘தலைவரின் வேண்டுகோளுக்கு இணங்கி மீண்டும் சபைக்கு வந்தார்.’

“அப்பா, அண்ணை,” என்றாள் வினோஜா வாசலில் நின்று. “எனக்கு நாலு மணிக்கு...”

“பிள்ளை, கூட்டம் நடக்குது. தேத்தண்ணியைப் பார்.”

மூன்று இருபதுக்கு ஒரு வரலாற்றுப் பிரேரணை வந்தது. கிணற்று முறை! பங்குக் கிணற்றில் இன்று உனக்கு, நாளை எனக்கு என்று பரம்பரையாக இறைத்துவரும் மக்களுக்கு ரவுட்டர் எம்மாத்திரம்? ஒற்றைத் திகதியில் ஒரு பெட்டி முகவரி வழங்கும். இரட்டைத் திகதியில் மற்றது.

“நல்ல யோசனை அப்பா. ஒற்றை எனக்கு.”

பொன்னம்பலத்தார் பேனையை மூடினார். “முப்பத்தோராந் திகதி வாற மாதம் வருசத்துக்கு ஏழு. ஒற்றை எடுக்கிற ஆளுக்கு ஏழு நாள் கூட. லீப் வருசத்திலை எட்டு. ஆரை ஏய்க்கிறாய்?”

“அப்ப முப்பத்தோராந் திகதியிலை இரண்டையும் நிப்பாட்டுவம்!”

“லீப் வருசத்துக்கு உபகுழு போடோணும்.”

சுதாகரன் மறுபடி வெளிநடப்புச் செய்தான். மூன்றரைக்குள் ஐந்து தரம்.

வினோஜா குசினிக்குப் போனாள். கேத்திலை வைத்தாள். கண் கலங்கியிருந்தது; கொப்பியைத் திறந்து அதை மறைத்தாள்.

“என்ன பிள்ளை முடிவு?” என்றாள் தாய் குணலட்சுமி, தேங்காய் துருவியபடி.

“முப்பத்தோராந் திகதியிலை நிக்கினம். வீடு என்ரை பேரிலையாம், அம்மா. வீட்டுக்குள்ளை ஓடுற அலைக்கு மட்டும் நான் ஆரோ.”

“நீ உதை ஒரேயடியாச் சரிப்பண்ண ஏலாதோ?”

“பின்பக்கத்து ஓட்டையிலை ஊசியாலை பத்துச் செக்கன் அமத்தினால் அண்ணையின்ரை பெட்டி எல்லாத்தையும் மறந்திடும். பழைய கடவுச்சொல் தேவையில்லை. ஆனால்...” அவள் கொப்பியைப் பார்த்தாள். “பிழையாகவும் இருக்கலாம்.”

குணலட்சுமி துருவலையிலிருந்து எழுந்தாள். தாலிக்கொடியில் கொழுவியிருந்த சட்டை ஊசியைக் கழற்றி நீட்டினாள்.

“உவை இரண்டுபேரும் இருபது வருசமாப் பிழைதான் விடுகினம். குறிப்பிலை எழுதுகினமோ? நீ அமத்து.”

குசினிச் சுவரில் பூட்டியிருந்த அண்ணையின் பெட்டியை வினோஜா அமத்தினாள். ஒன்று, இரண்டு, மூன்று... பத்து. ஆறு கொம்புப் பெட்டியின் விளக்குகள் எல்லாம் அணைந்து, அப்பாவியாக ஒன்று மட்டும் எரிந்தது. விறாந்தையிலிருந்து குரல் கேட்டது: “ஆறாவது வெளிநடப்பு!”

மடிகணினியைக் கொண்டுவந்து கம்பியைச் செருகினாள். இலக்கம் இரண்டு. முகவரி வழங்கல் நிறுத்தம். ஒரு நிமிடம் ஐம்பது செக்கன். தாய்க்கும் மகளுக்கும் சிரிப்பு வந்தது. கேத்தில் கூவியதால் வெளியே கேட்கவில்லை.

தந்தையாரின் பெட்டிக்கு ஊசிகூட வேண்டியிருக்கவில்லை. தேத்தண்ணி கொண்டுபோனவள் தூசி தட்டுகிற சாட்டில் விறாந்தை மூலையில் இருந்த அதைத் தூக்கிப் பார்த்தாள். இரும்பு அலுமாரியில் இரண்டு பூட்டுப் போட்டுக் காத்த அந்த எட்டெழுத்துக் கடவுச்சொல், பெட்டியின் அடியில் கொட்டை எழுத்தில் அச்சடித்து ஒட்டியிருந்தது. அறைக்குப் போய் இரண்டு பெட்டியிலும் இன்னும் ஒவ்வொரு மாற்றம் செய்தாள். ஏழாவது வெளிநடப்பு நிகழ்ந்தது.

நாலு மணி. கதவு சாத்தியாயிற்று. தேர்வாளர் திரையில் தெளிவாகத் தெரிந்தார்.

“ஒரு வீட்டில் இரண்டு ரவுட்டர் முரண்பட்டால் என்ன செய்வீர்கள்?”

வினோஜா சொன்னாள். கொப்பியைப் பார்க்காமல் சொன்னாள். ‘பிழையாகவும் இருக்கலாம்’ என்பதை மட்டும் சொல்ல மறந்துபோனாள்.

“எவ்வளவு நேரம் பிடிக்கும்?”

“செய்ய இரண்டு நிமிடம், சேர். செய்ய விட நாலு நாள்.”

தேர்வாளர் சிரித்துவிட்டார். இருபது நிமிடமும் தொடர்பு ஒரு தரம்கூட அறவில்லை. “சித்தி” என்றார் அவர் கடைசியில்.

விறாந்தையில் பொன்னம்பலத்தார் கூட்டக் குறிப்பை நிறைவு செய்துகொண்டிருந்தார்: ‘தலைவரின் பொறுமையாலும் திரு. சுதாகரனின் விட்டுக்கொடுப்பாலும் பிணக்கு நீங்கி, அறைக்குள் அலை சீராகப் பாய்வது அவதானிக்கப்பட்டது.’ மகிழ்ச்சியோடு அதை மகனுக்கு அனுப்பப் போனை எடுத்தார். பழைய வலையின் பெயரைக் காணோம். வீடு முழுக்க ஒரேயொரு பெயர்தான் இருந்தது. அந்தப் பெட்டிக்குத் தமிழ் அவ்வளவு வசப்படாததால் ஆங்கில எழுத்தில் இருந்தது, எழுத்துக்கூட்டி வாசித்தார்.

தேநீர் உபயம் வினோஜா.

“பிள்ளை! உந்தப் பேர் ஆர் வைச்சது?”

கதவு திறந்தது. வினோஜா கொப்பியை மூடியபடி வந்தாள்.

“நீங்கள்தான் அப்பா. உங்கடை குறிப்பிலை முதலாம் பக்கம். நான் ஒரு எழுத்தும் மாத்தேல்லை.”