வெர்லீன் டாலிவரின் நெஞ்சுவலிக்கு மூன்று கையெழுத்து

அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில், கறுப்பினத்தவர் வாழும் எங்கள் வட்டாரத்து மருத்துவமனை ஒரு பேருண்மையைக் கண்டுபிடித்தது. நெஞ்சுவலி என்று வரும் கறுப்பினத்தவரைப் பாதிக்குப் பாதி வாயுத் தொல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள், மீதிப் பேரை ஆஞ்சியோவுக்கு அனுப்பத் தாமதிக்கிறார்கள் என்பதே அது. எங்கள் சர்ச்சில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லியிருக்கும். மருத்துவமனைக்கு நான்கு ஆய்வுகளும் பதினோரு வருடமும் பிடித்தன.

உடனே சமநீதிக் குழு அமைந்தது. தலைவர் திருவாளர் லிண்டெல். சமூகப் பிரதிநிதி, சர்ச் நிர்வாகத்தில் உதவும் டீக்கனாகிய அடியேன், லூஷியஸ் பெட்வே.

"ஒரு டாக்டர் தனியா முடிவெடுத்தா பாரபட்சம் வந்துடும்" என்றார் லிண்டெல். ஆகவே கறுப்பின நோயாளியின் நெஞ்சுக்கு இனி மூன்று கையெழுத்து: டாக்டர், தலைவர், பிரதிநிதி. கூட்டத்தில் கொடுத்த கோழி சாண்ட்விச் நன்றாக இருந்தது. நான் மறுப்பு சொல்லவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை வெர்லீன் டாலிவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். ஞாயிறுதோறும் சர்ச் வாசலில் நின்று எங்களையெல்லாம் அதட்டி உட்கார வைப்பவர்; சர்ச்சில் எல்லோருக்கும் அவர் 'சிஸ்டர்'. பக்கத்துப் படுக்கையில் அதே வலியோடு ஒரு வெள்ளைக்காரர். பாவம், அவருக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லாததால் இருபதே நிமிடத்தில் ஆஞ்சியோவுக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

லிண்டெல் நேரில் வந்தார். "உங்க வலியை நாங்க ரொம்பக் கவனமா எடுத்துக்கறோம், மேடம்."

"அந்த ஆளோட வலி மாதிரி கொஞ்சம் அசால்ட்டா எடுத்துக்கக் கூடாதா?"

டாக்டர் கையெழுத்துப் போட்டார். லிண்டெல் போட்டார். நான் பேனாவைத் திறந்தேன்.

"இவங்களை உங்களுக்குத் தெரியுமா?" என்றார் லிண்டெல்.

"முப்பது வருஷமா தெரியும்."

"அப்ப நீங்க போடக்கூடாது. கறுப்பினத்தவராவும் இருக்கணும், இவங்களைத் தெரியாதவராவும் இருக்கணும்."

"சிஸ்டர் வெர்லீனைத் தெரியாத கறுப்பர் இந்தப் பக்கம் இன்னும் பொறக்கல சார்."

"பொறுமையாத் தேடுவோம்."

வெர்லீனின் உதடு வெளிறிக்கொண்டிருந்தது. ஆனாலும் விதி விதிதானே, பேனாவை மூடினேன். வெர்லீன் நர்ஸ் ஜெனெலைக் கிட்டே கூப்பிட்டார்.

"ஏம்மா, அந்தக் கம்ப்யூட்டர்ல என்னை வெள்ளைக்காரின்னு மாத்திடு."

ஜெனெல் மாற்றினாள். பன்னிரண்டாவது நிமிடம் ஆஞ்சியோ. பெரிய ரத்தக்குழாயில் தொண்ணூறு சதவீத அடைப்பு. பிழைத்துக்கொண்டார்.

சர்ச்சுக்கு விஷயம் எட்டாமல் இருக்குமா? அந்த வருடம் நெஞ்சுவலி வந்த நம்மவர் அத்தனை பேரும் வெள்ளையராகப் போய், வெள்ளையராகவே பிழைத்து வந்தார்கள். ஆண்டறிக்கையை லிண்டெல் தழுதழுத்த குரலில் வாசித்தார். கறுப்பினத்தவரிடையே ரத்தக்குழாய் அடைப்பு அறவே ஒழிக்கப்பட்டுவிட்டதாம். ஆகவே எங்கள் வட்டாரத்து இதயப் பிரிவை மூடி, நோயாளிகள் மிகுந்த வெள்ளையர் புறநகருக்கு மாற்றும் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

ஞாயிற்றுக்கிழமை வெர்லீன் வழிமறித்தார். "ஏன் டீக்கன், இனிமே நெஞ்சு வலிச்சா நாங்க எங்க போறது? நீங்களும் கை தூக்குனீங்களாமே?"

"எல்லாரும் தூக்குனாங்க, சிஸ்டர்" என்றேன்.