நொட்டையரும் நாலு ஆணியும்

கடவுள் உலகத்தைப் படைத்து முடித்த கையோடு எங்கள் தெரு நொட்டையரிடம் காட்டி, "எப்படி இருக்கு?" என்று கேட்டிருந்தால், அடுத்த கிழமை முழுவதும் எல்லாவற்றையும் கழற்றித் திரும்பப் பூட்ட வேண்டி வந்திருக்கும். நொட்டை என்றால் எங்கள் பக்கத்தில் குறை. அதைக் கண்டுபிடிப்பதற்கென்றே பிறந்தவர் அவர். அவருக்கு ஞானஸ்நானத்தில் ஒரு பெயர் வைத்திருப்பார்கள்தான். முல்லைத்தீவுக் கரையில் அது யாருக்கும் தெரியாது.

தொழில், மீன்பிடி வள்ளங்களின் எஞ்சின் திருத்துவது. கைராசிக்காரர். ஆனால் திருத்திக் கொடுக்கும்போது, "ஓடும். எண்டாலும் இந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கேல்லை" என்று ஒரு சொல் சொல்லித்தான் விடுவார். வாங்கிப் போனவன் கடலால் கரைக்கு வந்து சேருமட்டும் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பான்.

ஒருமுறை செத்தவீடு ஒன்றில், எல்லோரும் அழுதுகொண்டு நிற்க, இவர் பெட்டியைச் சுற்றி வந்து மூடியின் பொருத்தைத் தடவிப் பார்த்தார். நீக்கல் இருக்கிறது, மழைத்தண்ணி இறங்கும் என்றார். செத்தவரின் மகன் பல்லைக் கடித்துக்கொண்டு, இனி இறங்கினால் என்ன என்று கேட்டான். "தம்பி, உன்ர கொப்பருக்கு உயிரோட இருக்கேக்கையே தொய்வு, ஈரம் பட்டா இழுக்கும்" என்றார் நொட்டையர். அழுதுகொண்டிருந்த பெண்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குசினிப் பக்கம் ஓடினார்கள்.

இந்த மனிதரோடு ஒருத்தி எப்படிக் காலம் தள்ளினா என்று கேட்பீர்கள். ரீற்றாக்கா தள்ளினா. அவா போய் இது இரண்டாவது மாரி. அதிகம் கதைக்காதவா. ஆனால் சொன்னால் சொன்னதுதான். மகள் சோதனை பாஸ் பண்ணுமட்டும் காலில் செருப்புப் போடமாட்டேன் என்று ஒருநாள் சொன்னா. மகள் இரண்டு தரம் கோட்டை விட்டாள். ரீற்றாக்கா சித்திரை வெயிலிலும் வெறுங்காலோடு சந்தைக்குப் போய்வந்தா. மூன்றாம் தரம் அந்தப் பிள்ளை பாஸ் பண்ணியது படிப்பாலா, தாயின் காலைப் பார்த்தா என்று எங்களுக்கு இன்னும் சந்தேகம்.

அவாவுக்கு வருத்தம் முற்றி, கொழும்பில் டொக்டர்மார் கையை விரித்து வீட்டுக்கு அனுப்பிய நேரம், பிரான்சிலிருந்து அவாவின் தங்கச்சி பார்க்க வந்தா. வரும்போது ஒரு யுகுலேலே கொண்டுவந்தா. நாலு கம்பி பூட்டிய குட்டிக் கிற்றார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கலியாணத்துக்கு முன்னர் நொட்டையர் கோயிலில் கிற்றார் வாசித்தவர். அந்தக் கிற்றார் இடம்பெயர்வில் போய்விட்டது. எங்கே போனது என்று இங்கே யாரும் கேட்பதில்லை. எல்லோருடைய சாமானும் அங்கேதான் போனது.

பெட்டியைத் திறந்தால், கம்பியை முறுக்குகிற ஆணி நாலும் விமானத்தில் நசுங்கி உடைந்திருந்தன. ரீற்றாக்கா படுக்கையில் கிடந்தபடி அதை வாங்கித் தடவிப் பார்த்தா. பிறகு எல்லோருக்கும் கேட்கச் சொன்னா: "நல்ல ஆணியாப் பாத்துப் பூட்டுங்கோப்பா. கோயிலில நீங்கள் வாசிக்கிற அந்த மாதா பாட்டை இதில ஒருக்காக் கேட்டிட்டுத்தான் நான் போவன்."

அன்று தொடங்கியது ஆணி பார்க்கும் படலம். எனக்குத் தபாற்கந்தோரில் வேலை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கீபோட் வாசிப்பேன். சுருதி தெரிந்தவன் என்பதால் இழுபட்டது நான்தான். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட அந்த மனிதர் இவ்வளவு விசாரித்ததில்லை.

வவுனியாவில் ஒரு வயலின் வாத்தியாரிடம் கெஞ்சி மர ஆணி வாங்கிவந்தேன். "வாடைக்கு ஊதும், கச்சானுக்குச் சுருங்கும். காத்து மாற மாறக் குணம் மாறுற சாமான்" என்று திருப்பித் தந்தார். கிளிநொச்சியில் பல்லுச்சில்லு, அதுதான் குட்டிப் பற்சக்கரம், வைத்த இரும்பு ஆணி கிடைத்தது. உப்புக்காற்றுக்குக் கறள் பிடிக்கும் என்றார். கிற்றார் ஆணி பாரமாம், முன்பக்கம் எஞ்சின் பூட்டிய வள்ளம் மாதிரி மூக்குக் குத்துமாம். கொழும்பிலிருந்து ஒன்லைனில் எடுப்பித்தது மினுங்கியது. மினுங்குகிற சாமானை அவர் வாழ்நாளில் நம்பியதில்லை.

தெரு கொதித்தது. ஃபாதர் வந்து சாடையாகச் சொல்லிப் பார்த்தார். செபமாலைக்கு வரும் பெண்கள் சாடையில்லாமலே சொன்னார்கள். சாகக் கிடக்கிறவள் ஒரு பாட்டுக் கேட்டாள், இந்த மனிசன் ஆணியில் நொட்டை பிடித்துக்கொண்டு திரியுது, இது மனிசனோ மரமோ என்று. எனக்கும் விசர் ஏறிவிட்டது. மழை பெய்த ஒரு பின்னேரம் அவருடைய கொட்டிலுக்குப் போய், அக்கா உயிரைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறா, உங்களுக்கு நெஞ்சில் ஈரமே இல்லையா என்று கேட்டுவிட்டேன்.

அவர் எஞ்சினிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"அவா என்ன சொன்னவா, தம்பி?"

"பாட்டைக் கேட்டிட்டுத்தான் போவன் எண்டவா."

"அவா சொன்ன சொல்லை எப்பவாவது மாத்தினவாவோ?"

"இல்லை."

"அப்ப நான் ஏன் அவசரப்படுவான்?"

குடையைக்கூட விரிக்காமல் வீட்டுக்கு வந்தேன். அதற்கடுத்த தடவை கிளிநொச்சிக்குப் போனபோது, கடையில் கிடந்ததிலேயே கேவலமான ஆணியாகப் பொறுக்கி வாங்கிவந்தேன். அதைக் கையில் எடுத்ததும் மனிதரின் முகம் மலர்ந்தது. ஒரு காலை முழுவதும் அதில் நொட்டை சொன்னார்.

ஆனால் பிரான்சுக்குத் திரும்பிப் போன தங்கச்சிக்குப் பொறுமை இல்லை. ஒரு பார்சல் அனுப்பினா. என் கந்தோருக்கு வந்த அதை நானே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியதாயிற்று. மூடிய பல்லுச்சில்லு, கறள் பிடிக்காத உலோகம், பாரம் இல்லை, மினுக்கமும் இல்லை. நொட்டையர் அதை வெளிச்சத்தில் பிடித்தார், காதடியில் வைத்துச் சுற்றினார், நாக்கால்கூட நக்கிப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. அன்று மனிதர் மத்தியானம் சாப்பிடவில்லை.

அந்தக் கிழமை ரீற்றாக்காவுக்கு நோ கூடிவிட்டது. மருந்துக்கும் அடங்கவில்லை. இரவெல்லாம் முனகல் எங்கள் வீட்டுக்கும் கேட்கும். ஒரு விடியப்புறம் அவாவே, "பூட்டுங்கோப்பா, நான் பட்டது காணும்" என்று சொல்லிவிட்டா.

பூட்டினார். கம்பியை இழுத்து இழுத்து நிலைக்குக் கொண்டுவர எங்களுக்கு இரண்டு மூன்று நாள் எடுத்தது. ஞாயிறு பூசை முடிந்து வந்து கட்டிலடியில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். எஞ்சின் ஒயில் ஊறிய அந்தத் தடித்த விரல்களுக்கு அந்தக் குட்டிச் சாமான் அடங்கவில்லை. தடக்கித் தடக்கி வாசித்தார். என்றாலும் பாட்டை ஒரு அடியும் விடாமல் முடித்தார். முடித்துவிட்டு, அவாவைப் பார்க்கப் பயந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ரீற்றாக்கா கண்ணை மூடியபடி கிடந்தா. மூச்சு ஏறி இறங்குவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மெல்லச் சொன்னா.

"ரெண்டாம் கம்பி இறங்குது. இது பாட்டிலை சேர்மதி இல்லை, நான் கேட்ட கணக்கில்லை. வேற ஆணி பாருங்கோப்பா."

நொட்டையர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். அந்தக் கண்ணை நான் சாகுமட்டும் மறக்கமாட்டேன். கம்பி ஒரு மயிரிழைகூட இறங்கவில்லை. கோயிலில் இத்தனை வருடம் கீபோட் வாசித்த என் காது பொய் சொல்லாது.

"ஓம் அண்ணை, இறங்கித்தான் கிடக்கு" என்றேன். "வெளிக்கிடுங்கோ, நாளைக்கு ரெண்டு பேருமாப் போய்ப் பாப்பம்."