உரத்துக்கு வந்த மடவை மீன்

அன்புள்ள மச்சான் துளசிங்கத்துக்கு, திருப்பாலைவனத்திலிருந்து வரதன் எழுதுவது. இங்கே நானும் உன் அக்காவும் பட்டுப்புழுக்களும் சுகம். அங்கே நீயும் படகும் வலையும் சுகமாக இருக்க அம்மன் துணை. போனில் சொன்னால் "காத்து இரையுது, அப்புறம் பேசு மாமா"னு வைத்துவிடுவாய். அதனால் நன்றியை எழுதியே அனுப்புகிறேன்.

முழங்கால் போய், ஏரியில் வலை போடுவதை விட்டு வந்தவன், குத்தகை நிலத்தில் மல்பெரி போட்டது உனக்குத் தெரியும். யூரியாவாகக் கொட்டி மண் இறுகி, இலை வெளுத்து, போன தடவை புழு கூடே கட்டாமல் செத்ததும் தெரியும். இந்தத் தடவையும் போனால் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வாட்ச்மேன் வேலைதான் என்று உன் அக்கா முடிவே செய்துவிட்டாள். பட்டு ஆபீஸ் அம்மா வந்து மண்ணை உதிர்த்துப் பார்த்து, "ஒரு மண்புழுகூட இல்லீங்களே. தக்கைப்பூண்டு விதைச்சு மடக்கி உழுங்க, தழையால மூடாக்கு போடுங்க, மீன் கழிவை வெல்லத்தோட ஊற வச்சு, தண்ணி கலந்து வேருக்கு ஊத்துங்க"ன்னாங்க. தக்கைப்பூண்டு இடுப்பளவு வளர்ந்ததும்தான் உன்னிடம் ஒரு பெட்டி கழிவு கேட்டேன். நான் கேட்டது கழிவு, மச்சான். குடல், செதில், செவுள். அக்கா வீட்டுக்குக் குப்பையை அனுப்புவதா என்று உனக்கு ரோசம் வந்துவிட்டது. பஸ்ஸில் வந்த பெட்டியைத் திறந்தால் மேலே வெற்றிலை பாக்கு, கீழே முழங்கை நீள மடவை, அதற்கும் கீழே உயிரோடு நண்டு. நானோ ஆபீஸ் அம்மா சொல் தட்டாதவன். எல்லாவற்றையும் டிரம்மில் போட்டு வெல்லத்தைத் தூவப் போனேன். நண்டு கட்டைவிரலைக் கவ்வியது. அலறல் கேட்டு ஓடிவந்த உன் அக்கா, "இன்னாய்யா பண்றே? எந்தம்பி சீரா அனுப்பின மீனை எருவாக்கறியா? உனக்கு மூள கீதா?"னு டிரம்மைக் கவிழ்த்துவிட்டாள்.

அவ்வளவு மீனை இரண்டு பேர் எப்படித் தின்பது? வயலிலோ உழவும் மூடாக்குப் போடவும் ஆள் இல்லை, எல்லாரும் கம்பெனிக்குப் போய்விடுகிறார்கள். பக்கத்து வயல் தனக்கோடியிடம், "நாளைக்கு வேலைக்கு வந்தா மடவைக் குழம்பு"னு பேச்சுக்குச் சொன்னேன். காலையில் பதினோரு பேர் மண்வெட்டியோடு நிற்கிறார்கள். மீன் அவர்கள் வயிற்றுக்கு, ஆய்ந்துபோட்ட குடலும் செதிலும் டிரம்முக்கு. நான் கேட்ட கழிவு இப்படித்தான் வந்து சேர்ந்தது. உழவும் மூடாக்கும் முடிந்து, ஊறியதை வேருக்கு ஊற்றி வந்தேன். இப்போது எங்கே கிளறினாலும் மண்புழு. இலை உள்ளங்கை அகலம். புழு கூடு கட்டிவிட்டது, மச்சான். முதல் கூட்டைக் கையில் வைத்துக்கொண்டு உன் அக்கா அழுதாள், நானும்தான். உன்னை ஆயுசுக்கும் மறக்கமாட்டேன்.

ஒரே வேண்டுகோள். இனி நல்ல மீனை அனுப்பி நீ நஷ்டப்படாதே. கழிவு மட்டும் போதும், அதுதான் எனக்குச் சீர். உன் வலை என்றும் கனக்கட்டும், பிள்ளைகளுக்கு எங்கள் ஆசி.

இப்படிக்கு,
உன் அன்பு மாமா
வரதன்

பி.கு.: கடிதத்தை ஒட்டும் நேரத்தில் தனக்கோடி வந்தார். அடுத்த களையெடுப்புக்குப் பதினாறு பேர் தயாராம். "இந்த வாட்டி எறாக் குழம்பானு கேட்டாங்க"ன்னார். ஆகவே மேலே உள்ள வேண்டுகோளை அடித்துவிட்டதாக நினைத்துக்கொள். வெறும் கழிவு வந்தால் வயலில் நானும் மண்புழுவும்தான் நிற்போம். நண்டுக்கு மட்டும் கொடுக்கைக் கட்டி அனுப்பு.