டிஸ்கோ தியாகுவுக்கு நான் போட்ட அட்டைப்படம்

பழைய பாடகர்கள் இருபது வருஷம் கழித்துப் புது ஆல்பம் போட்டால் அது ஏன் படுத்துவிடுகிறது என்று பலரும் பலவிதமாக ஆராய்கிறார்கள். குரல் போச்சு என்கிறார்கள், காலம் மாறிப்போச்சு என்கிறார்கள். டிஸ்கோ தியாகுவின் விஷயத்தில் ஆராய்ச்சியே வேண்டாம். படுக்க வைத்தது நான்.

தியாகு யாரென்று இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது. எண்பதுகளில் சுருட்டை முடி, பளபளச் சட்டை, பாதி பட்டன் திறந்த நெஞ்சு என்று ஒரே ஒரு கேசட் போட்டு, எங்கள் பக்கத்துக் கல்யாண வீட்டு மைக்செட்டுகளையெல்லாம் ஆட்டிப் படைத்தவர். (நானும் பட்டனைத் திறந்து பார்த்தேன். உள்ளே காட்டும்படி ஒன்றும் இல்லை.) அவர் இரண்டாயிரத்துச் சொச்சத்தில் திரும்பி வந்து ஒரு சிடி போட்டார். அதன் அட்டை, நான் பட்டாசு லேபிள் டிசைனராக இருந்த சிவகாசி அச்சகத்துக்கே ஆர்டராக வந்தது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. விருதுநகரில் ஆடியோ கடை வைத்திருந்த என் மனைவியின் அண்ணன் ஜபருல்லாவிடம் ஓடினேன். வட்டாரத்துக்கே மொத்த விநியோகம் எடுக்கச் சொன்னேன். ஊரே பாட்டை செல்போனில் ஏற்றிக்கொள்ள ஆரம்பித்திருந்ததால் அவர் கடை ஏற்கெனவே ஆட்டம் கண்டிருந்தது.

“இந்தத் தீபாவளி சீசன் கைகொடுக்கலைன்னா கடைய மூடிட்டு ரீசார்ஜ் கார்டு விக்க வேண்டியதுதான் மச்சான். இது ஓடுமா?”

“கண்ண மூடிக்கிட்டு எடுங்க மச்சான். அட்டையிலயே ஓட வைக்கிறேன்.”

அப்படி என்ன தைரியம்? பட்டாசுத் தொழில் தந்த தைரியம்தான். எங்கள் ஊரில் வெடி மாறினாலும் லேபிளை மாற்ற மாட்டார்கள். வாங்குகிறவர் பெயரைப் படிப்பதில்லை, படத்தைப் பார்த்துத்தான் கேட்பார். கிளிப்படம் போட்ட சரவெடி என்றால் காலாகாலத்துக்கும் அதே கிளி. வாலில் ஒரு இறகைக் கூட்டி வரைந்தாலும் வெளியூர் வியாபாரி, இது நம்ம கிளி இல்லையே என்று லோடைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

இந்த மகா ஞானத்தை நான் சங்கீதத்தில் இறக்கினேன். சிடி கம்பெனி அனுப்பிய புதுப் போட்டோவை உறையைக்கூடப் பிரிக்காமல் ஓரமாக வைத்துவிட்டு, பழைய கேசட் அட்டையையே அச்சு அசலாகத் திரும்பப் போட்டேன். அதே சுருட்டை, அதே சட்டை, அதே எழுத்து. கம்பெனியும் என் பேச்சில் மயங்கிச் சம்மதித்தது. அச்சாகி வந்தபோது எனக்கே புல்லரித்தது.

தீபாவளிக்கு முந்தின வாரம் ஆலைகளில் போனஸ் போட்டாகிவிட்டது. கடைத்தெருவில் கால் வைக்க இடமில்லை. ஜனம் கடைக்குள் வந்தது, சிடியைப் பார்த்தது, முகமெல்லாம் மலர்ந்தது, வைத்துவிட்டுப் போனது. மல்லாங்கிணற்றுக்காரர் ஒருவர்தான் காரணத்தைப் போட்டு உடைத்தார்.

“இது எங்க வீட்லயே கெடக்கு பாய். கல்யாணத்துக்கு முன்னாடியே வாங்கிட்டேன்.”

வாங்கிப் போன ஒன்றிரண்டு பேரும் திரும்பி வந்தார்கள். உள்ளே வேறு ஏதோ பாட்டு இருக்கிறதாம், மாற்றித் தர வேண்டுமாம். ஜபருல்லா என்னைத் திட்டவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார். (அதைக் குடித்து முடிப்பதற்குள் எனக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது.)

மிச்சமிருந்தது ஒரே நம்பிக்கை. ஞாயிற்றுக்கிழமை தியாகுவே கடைக்கு வருகிறார்! வாசலில் சீரியல் லைட், கொட்டு மேளம், தெருவை அடைத்த கூட்டம். நான் ஆளுயர மாலையோடு நின்றேன். அப்போது பார்த்து வழுக்கைத் தலையும் தொந்தியுமாக ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தார். அவர் தோளைப் பிடித்து மெல்லத் தள்ளினேன்.

“பெரியவரே, செத்த அங்கன ஓரமா நில்லுங்க. பாடகர் வர்ற நேரம்.”

அவர் ஓரமாக நின்றார். அடுக்கிலிருந்து ஒரு சிடியை எடுத்து வெகுநேரம் பார்த்தார். “நல்லாத்தான் இருந்திருக்கான் பய,” என்றார்.

இருபது வருஷமாக என் காதுக்குள் குடியிருந்த குரல் அது.

நான் வாயைத் திறப்பதற்குள், அச்சங்குளத்திலிருந்து வந்திருந்த ஒரு அக்கா அட்டையையும் அவரையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “மூக்கு அப்படியே இருக்கே. நீங்க தியாகுவோட அப்பாவா?”

தியாகு என் முகத்தைப் பார்த்தார். அடுக்கி வைத்திருந்த பெட்டிகளையும், அவற்றின் பக்கத்தில் ஜபருல்லா நின்ற நிலையையும் பார்த்தார்.

“ஆமாம்மா. பையன் வெளியூர்ல இருக்கான். அவனால வர முடியல, அதான் நான் வந்தேன்.”

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. “பெத்த மகனுக்காக இந்த வயசுல இம்புட்டுத் தூரம் அலையிறீகளே. குடுங்க, ரெண்டாக் குடுங்க.”

இதில் இருப்பது பழைய பாட்டு இல்லை, எல்லாம் புதுசு என்று தியாகு அவசரமாகச் சொல்லி, இரண்டு வரி பாடியும் காட்டினார். மகனைவிட அப்பா நன்றாகப் பாடுகிறார் என்று கூட்டம் ஒருமனதாகத் தீர்மானித்தது. அப்புறம் பார்க்க வேண்டுமே! பொழுது சாயும்வரை அவர் தனக்கே அப்பாவாக நின்று விற்றார். பெட்டிகள் காலியாகக் காலியாக ஜபருல்லா சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தார். மாலையை நானும் அப்பாவுக்கே போட்டேன்.

மற்ற ஊர்களில் அந்த ஆல்பம் படுத்த இடம் தெரியவில்லை. (அங்கெல்லாம் அப்பா போகவில்லை.) எங்கள் கடை மட்டும் அந்த சீசனில் பிழைத்தது.

இப்போது எனக்கும் முடி போய்விட்டது, தொந்தி வந்துவிட்டது. வீட்டுக்குப் புதிதாக யார் வந்தாலும் என் மனைவி ஆயிஷா எங்கள் கல்யாண ஆல்பத்தைப் பிரித்துவிடுவாள். மாப்பிள்ளை யாரென்று அவர்கள் கேட்டால், எதிரே உட்கார்ந்திருக்கும் என்னைக் கை காட்டிச் சொல்வாள்:

“இவுக மகன். வெளியூர்ல இருக்கான்.”