குரங்கு வாலும் சாமைக் கொல்லையும்

எனக்குப் படம் வரைய வராது. இதை நான் ஒப்புக்கொள்ள ஜவ்வாது மலையில் முப்பத்தொரு பிள்ளைகள் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது.

அப்போது நான் அங்கே ஏழாம் வகுப்புத் தமிழாசிரியர். தகுதிகாண் பருவம் முடியும் நேரம். திருப்பத்தூரிலிருந்து கல்வி அலுவலர் வந்து, வகுப்பைப் பார்த்து எழுதும் குறிப்பைப் பொறுத்துத்தான் வேலை நிலைக்கும். "நல்லா இருக்கு, ஏன்னா நல்லா இருக்கு" என்று விடை எழுதும் பிள்ளைகளை ஆதாரம் காட்டிப் பேசவைக்க ஒரு மாதமாகப் பழக்கியிருந்தேன். அன்றைக்கென்று நானே ஒரு படக்கதை வரைந்தேன். (நான்கு கட்டங்கள், ஒவ்வொன்றும் ஓரடிச் சதுரம். நாட்குறிப்பில் அளவு இருக்கிறது.)

முதல் கட்டத்தில் முனுசாமி என்பவர் கூடை நிறையப் புளியோடு, "இன்னைக்குதான் புளி உலுக்கினேன்" என்கிறார். இரண்டாவதில் கூடையை மரத்தடியில் வைத்துவிட்டுப் போகிறார். மூன்றாவதில் மரத்துக்குப் பின்னால் ஒரு குரங்கு வால். நான்காவதில் கூடை காலி. பின்புறம் வெறுமையாக இருந்ததால் பச்சைப் பசேலென்று ஒரு சாமைக் கொல்லையும் போட்டுவைத்தேன். (அழகுக்காக. நான் கீழ்நாட்டுக்காரன், மலைக்குக் கீழே சமவெளியில் வளர்ந்தவன்.)

அலுவலர் அம்மா கடைசி பெஞ்சில் அமர்ந்தார். "புளியை எடுத்தது யார்?" என்று கேட்டேன்.

வெண்ணிலா எழுந்தாள். "யாரும் எடுக்கல சார். முனுசாமி பொய் சொல்றாரு."

"ஆதாரம்?"

"பின்னால சாமை பச்சையா நிக்குதே சார். சாமை நிக்கசொல்லோ புளி ஏது? அத்த மாசி, பங்குனிலதான் உலுக்குவாங்க."

வகுப்பே தலையாட்டியது. நான் மூன்றாவது கட்டத்தைக் குச்சியால் தட்டினேன். "தப்பு! குரங்குதான் எடுத்தது. இதோ வால்!"

"அது கயிறு சார்" என்றான் முன்வரிசையில் ஒருவன்.

அலுவலர் எழுந்து வந்து, கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "எனக்கும் கயிறாத்தான் தெரியுது. வாலுன்னு எப்படிச் சொல்றீங்க சார்?"

"நான்தானே மேடம் வரைஞ்சேன்!"

"அது ஆதாரம் இல்ல சார்!" என்று முப்பத்தொரு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். (நான் கற்றுக்கொடுத்த வாக்கியம். உச்சரிப்பு சுத்தம்.)

வேலை போயிற்று என்றே நினைத்தேன். அலுவலர் எழுதியதை வரி மாறாமல் நாட்குறிப்பில் படியெடுத்து வைத்திருக்கிறேன்: "மாணவர்கள் ஆதாரத்துடன் பேசுகிறார்கள். ஆசிரியரும் விரைவில் பேசுவார். பணி திருப்தி." அந்த முதல் வரி வெண்ணிலா எனக்குச் சம்பாதித்துக் கொடுத்தது. அதன்பின் அவள் பள்ளியை முடித்துப் போகும்வரை, அவள் பார்த்துச் சரியென்று சொல்லாத எந்தப் படத்தையும் நான் சுவரில் ஒட்டியதில்லை.

வீட்டில் இந்தக் கதையைச் சொன்னது என் பிழை. இப்போதும் "இன்னைக்கு மழை வராது" என்று நான் உறுதியாகச் சொன்னால், என் மனைவி குடையை நீட்டிவிட்டுக் கேட்கிறாள்:

"ஏன், வானத்த நீங்கதான் வரைஞ்சீங்களா?"